மீதி நூற்று நாற்பத்தைந்து

அத்தியாயம் ஒன்பது

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவில் ‘பராமரிப்பில் உள்ளது’ என்று ஓர் அட்டை தொங்கியது. அட்டை பழுப்பேறி, மூலை சுருண்டு போயிருந்தது.

“இந்த அட்டையையே யாராவது பராமரிக்கணும் போல இருக்கே,” என்றான் ரேடியோ. “வாங்க, நாலு மாடி. ஊரையெல்லாம் மேல தூக்கி விடுறவங்க நம்மள நடக்க வைக்கிறாங்க.”

ரேடியோ அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாய் ஓயாததால் வந்தது. அவனுடைய முதலாளியம்மாவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, குண்டூசி. காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம் பொய்க் கோரிக்கைகளைக் குத்திக் குத்திக் காற்றை இறக்கியவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

படியேறும்போது சுவரில் கம்பெனியின் வாசகங்கள் வரிசையாக வந்தன. முதல் மாடியில் ‘பாதுகாப்பே எங்கள் மூச்சு’. இரண்டாவது மாடியில் ‘ஒவ்வொரு உயிரும் எங்கள் உயிர்’. பதினெட்டு நாளுக்கு முன்பு என் கணவர் செத்த அன்று இதே கம்பெனி மலர்வளையம் அனுப்பியிருந்தது. அதில் அவர் பெயர் இல்லை, பணியாளர் எண் இருந்தது. ஒவ்வோர் உயிருக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள், அதுவரை பொய்யில்லை.

அவர் இந்தக் கம்பெனியின் மெக்கானிக். ஒரு கிடங்கின் சரக்கு லிஃப்டில் இரண்டு சுமை தூக்குகிறவர்கள் மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இவரைக் கூப்பிட்டார்கள். இவர் மேலிருந்து இறங்கி ஒருவரை வெளியேற்றினார். இரண்டாமவரின் கால் தரையைத் தொட்டதும் கயிறு அறுந்து, இவரோடு லிஃப்ட் விழுந்தது. கம்பெனி சொன்னது இதுதான்: முந்தின நாள் மாலை அந்த லிஃப்டைப் பரிசோதித்து ‘எல்லாம் நன்று’ என்று குறிப்பு அனுப்பியவரே அவர்தான், ஆகவே குற்றம் அவருடையது. இன்று நான்கு மணிக்கு விசாரணை அதிகாரி இறுதி அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறார். போட்டுவிட்டால், இரண்டு பேரைக் கொல்லப் பார்த்து தானும் செத்த கவனமில்லாத ஆள் என்று அவர் பெயர் முடியும். என் மகள் எட்டாவது படிக்கிறாள். அப்பாவைப் பற்றி அவளுக்கு எழுத்தில் மிஞ்சப் போவது அந்த ஒரு வரி.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அக்கா நின்றார். மூச்சு வாங்க அல்ல. கைப்பையிலிருந்து கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த குறிப்புச் சீட்டுகளின் கட்டை எடுத்தார். மெக்கானிக்குகள் போனில் தட்டி அனுப்பும் குறிப்பை ஆபீஸ் கணினி வாங்கி வைத்து இப்படித் தாளில் அச்சடிக்கும். அதில் இரண்டை மட்டும் உருவினார். இரண்டும் வேறு மெக்கானிக்குகள் எழுதியவை, கட்டுக்குள் தவறி வந்து சேர்ந்தவை.

“இதுல என்ன இருக்கு, படி.”

“இங்கிலீஷ்ல ஓகேன்னு ரெண்டு எழுத்து.”

“கீழ் மூலையில?”

பொடி எழுத்தில் 2 என்று இருந்தது.

இன்னொன்றில் ‘நோ ப்ராப்ளம்’ என்று ஆங்கில எழுத்தில். மூலையில் 10.

“பக்க எண்ணா அக்கா?”

“அப்படித்தான் மேல உக்காந்திருக்கிற மேலாளரும் நினைச்சிருப்பார்,” என்று சொல்லி அக்கா சிரித்தார். குண்டூசி சிரித்தால் யாருக்கோ குத்தப் போகிறது என்று அர்த்தம். சீட்டுகளை உள்ளே போட்டுக்கொண்டு ஏறினார்.

மேலாளரின் அறை முழுக்கக் கண்ணாடி. மேசை கண்ணாடி, கதவு கண்ணாடி, அவர் சட்டைப்பையில் இன்னொரு கண்ணாடி. மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் இவ்வளவு கண்ணாடி வாங்குவதில்லை. அவருக்கு எதிரில் விசாரணை அதிகாரி உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு கணினியின் முன்னால் அதை இயக்கும் பெண். நாங்கள் வந்ததும் நிமிர்ந்தாள். மேலாளர் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

“உக்காருங்கம்மா. உங்க துக்கம் எங்க துக்கம்,” என்றார் மேலாளர்.

“பாதியை நீங்களே வச்சுக்குங்க சார்,” என்றான் ரேடியோ. “அவங்களுக்குத் தூக்க முடியல.”

மேலாளர் அவனைக் கேட்காத மாதிரி ஒரு தாளை நகர்த்தினார். “இது அவர் கடைசியா அனுப்பின குறிப்பு. முழுசா இவ்வளவுதான். நாங்க ஒரு புள்ளிகூடக் கை வைக்கலை.”

நான் படித்தேன்.

‘மோட்டார் நன்று. கதவு நன்று. விளக்கு நன்று.’

கடைசிச் சொல்லுக்குப் பிறகு இன்னும் ஒன்றை என் கண் தேடியது. பதினான்கு வருடம் அந்த ஆளோடு குடித்தனம் செய்திருக்கிறேன். முதலில் நல்லதையெல்லாம் வரிசையாகச் சொல்வார். பிறகுதான் விஷயத்துக்கு வருவார். ‘புடவை நல்லா இருக்கு, பூவும் நல்லா இருக்கு, ஆனா பஸ் போயிடுச்சு.’ என் அப்பாவிடம் பெண் கேட்டபோதே, ‘வீடு இருக்கு, வேலை இருக்கு, ஆனா கோபம் வரும்’ என்றவர். ஆனால் என்ற சொல் இல்லாமல் அவர் ஒரு பேச்சையும் முடித்ததில்லை. கூட வேலை செய்தவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டுப் போனபோது, இவர் மட்டும் உட்கார்ந்து தமிழில் வாக்கியம் எழுதுவார். நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள் என்பதால் எனக்கு அனுப்பிக் காட்டிவிட்டுத்தான் ஆபீசுக்கு அனுப்புவார். அந்த மாலை மட்டும் காட்டவில்லை. காலையில் ஒன்றுமில்லாத ஒரு விஷயத்துக்குச் சண்டை போட்டிருந்தோம்.

“இது அவர் பேச்சு இல்லை,” என்றேன். “இதுல ‘ஆனால்’ இல்லை.”

மேலாளர் புன்னகைத்தார். “அம்மா, சட்டப்படி ‘ஆனால்’ கட்டாயமில்லை.”

“கட்டாயமில்லைதான்,” என்றார் அக்கா. கட்டுக்குள்ளிருந்து என் கணவருடைய பழைய சீட்டுகள் மூன்றை எடுத்து அதிகாரியின் முன்னால் பரப்பினார். “ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கே சார். மூணையும் பாருங்க. நன்று, நன்று, நன்று, அப்புறம் ஒரு ‘ஆனால்’. அப்புறம் பாதியில நின்னு போகுது. நின்ன இடத்துல என்ன இருக்கு?”

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். மூன்று குறிப்புகளும் நடுவாக்கியத்தில் முடிந்தன. முடிந்த இடத்தில், சாய்த்து நிறுத்திய ஒரு கறுப்புக் கட்டம். அதன் நடுவில் வெள்ளைக் கேள்விக்குறி.

“இது என்ன?”

“மெஷினுக்குப் புரியாத எழுத்து சார். அது திகைச்சு நின்ன இடம்,” என்றார் அக்கா. பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு மேலாளர் பக்கம் திரும்பினார். “எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கடைசிக் குறிப்பையும் உங்க மெஷினே வெட்டியிருக்குமோ? கெட்ட செய்தி எழுதியிருப்பார், பெட்டியில இடம் போதாம போயிருக்கும். அப்படின்னா அவர் மேலயும் தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை.”

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. மேலாளருக்குத் தப்பிக்கத் தெரியாமல் இருந்தது. அக்கா கதவைத் திறந்து, விளக்கையும் போட்டுக் காட்டுகிறார்.

மேலாளர் அதிகாரியைப் பார்த்தார், பழைய சீட்டுகளைப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு முன்பு ‘முழுசா இவ்வளவுதான்’ என்ற அதே வாய் மலர்ந்தது.

“நானே சொல்லணும்னு நினைச்சேன் மேடம். எங்க மென்பொருள் பழசு. குறிப்புப் பெட்டிக்கு இருநூத்தி ஐம்பத்தஞ்சுன்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல போனா வெட்டிடும். நிச்சயம் அதுதான் நடந்திருக்கு. கம்ப்யூட்டர் செஞ்ச வேலை. பாவம், யாரைக் குத்தம் சொல்ல? இந்தப் பொண்ணுகிட்ட வேணும்னா கேளுங்க.”

“பெட்டி இருநூத்தி ஐம்பத்தஞ்சுதான் சார்,” என்றாள் மூலையிலிருந்த பெண். சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எழுதிக்குங்க சார்,” என்று அக்கா அதிகாரியிடம் சொன்னார். “மெஷின் வெட்டினது. இருநூத்தி ஐம்பத்தஞ்சுல. மேலாளர் வாக்குமூலம்.”

அதிகாரி எழுதினார். மேலாளரும் கீழே கையெழுத்திட்டார், சந்தோஷமாக, கடைசி எழுத்தின் வாலைச் சுழற்றி. “அறிக்கையில ‘யார் மீதும் தவறில்லை’ன்னு போட்டுடலாம். அம்மாவுக்கும் நிம்மதி.”

ரேடியோ என் காதோரம் குனிந்தான். “அண்ணன் பேரு கழுவியாச்சு அக்கா. வீட்டுக்குப் போயிடலாமா?”

அவன் கேலி செய்கிறானா, சோதிக்கிறானா என்று தெரியவில்லை. உண்மையில் ஒரு கணம் எனக்கு ஆசையாக இருந்தது. யார் மீதும் தவறில்லை. படிக்க எவ்வளவு சுத்தமான வரி. இவரை இடி தாக்கிக் கொன்ற மாதிரி, மழையில் சுவர் இடிந்த மாதிரி. மகளிடம் காட்டலாம்.

அக்கா என் முன்னால் ஒரு பென்சிலை வைத்தார். “போதும்னா போதும். இல்லைன்னா எண்ணு.”

“எதை?”

“அந்தக் குறிப்பை. ஆனா நீ எண்ற மாதிரி இல்லை, மெஷின் எண்ற மாதிரி. ஏம்மா கம்ப்யூட்டர் பொண்ணு, எப்படின்னு இவளுக்குச் சொல்லு.”

அந்தப் பெண் மேலாளரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது மேடம். எண்தான் தெரியும். ஒவ்வொரு எண்ணையும் பைட்டுன்னு ஒரு சின்ன அறையில வைக்கும். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு அறை போதும். இடைவெளி, முற்றுப்புள்ளிக்கும் ஒண்ணு. தமிழுக்கு மூணு வேணும்.”

“வாடகை மட்டும் நமக்கு மூணு மடங்கா?” என்றான் ரேடியோ.

“அதுவும் முழு எழுத்துக்கு மூணு இல்லை. ‘வ’வுக்கு மூணு, அதுல போடுற உகரக் குறிக்குத் தனியா மூணு. மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளிக்கும் மூணு.”

“அப்ப ‘மோ’? முன்னால கொம்பு, பின்னால கால், அது ரெண்டா?” என்று கேட்டேன்.

“கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி மேடம். ம ஒண்ணு, அந்தக் குறி ஒண்ணு.”

மெய்ப்புத் தாளில் செய்வது போல ஒவ்வொரு துண்டின் கீழும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். மோட்டார், எட்டு. கதவு, நான்கு. விளக்கு, ஏழு. நன்று என்பது ஐந்து, மூன்று முறை, பதினைந்து. மொத்தம் முப்பத்து நான்கு துண்டு. மும்மடங்கு நூற்றிரண்டு. இடைவெளி ஐந்து, முற்றுப்புள்ளி மூன்று.

மறுபடியும் எண்ணினேன். மாறவில்லை.

“நூத்திப் பத்து,” என்றேன்.

அதிகாரி தன் தாளில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்.

“இருநூத்தி ஐம்பத்தஞ்சு அறை இருக்கிற பெட்டி,” என்றார் அக்கா. குரலில் இருந்த குழைவு போய்விட்டிருந்தது. “நூத்திப் பத்துலயே வயிறு நிறைஞ்சு போச்சா சார்? மீதி நூத்தி நாப்பத்தஞ்சு எங்க?”

மேலாளர் வாயைத் திறந்தார். ரேடியோ முந்திக்கொண்டான். “மெஷின் அன்னிக்கு விரதம் மேடம்.”

“இன்னொண்ணு. மெஷின் மூளையில்லாத வேலைக்காரன். நில்லுன்னா ஒரு காலைத் தூக்கினபடியே நிக்கும். வாக்கியம் முடிஞ்சுதா, எழுத்து முடிஞ்சுதான்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் இவர் நீளமா எழுதினதெல்லாம் எழுத்து நடுவுல முறிஞ்சு, கறுப்புக் கட்டமா நிக்குது. ஆனா இந்தக் குறிப்பு மட்டும் அழகா முற்றுப்புள்ளியில முடியுது. முற்றுப்புள்ளி பார்த்து வெட்டுற அறிவு மெஷினுக்கு ஏது? படிச்ச மனுஷனுக்குத்தான் உண்டு.”

மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொய்யை மாற்றி உடுத்துவதில் அவருக்கு வெட்கமே இல்லை. “அப்ப நான் முதல்ல சொன்னதுதான் சரி. அவர் எழுதினதே அவ்வளவுதான். மெஷின் வெட்டலை. நீங்கதான் என்னைக் குழப்பினீங்க.”

“கையெழுத்துப் போட்டது?”

“குழப்பத்துல போட்டது.”

அதிகாரியின் பேனா மூடி கழன்றபடியே நின்றது. அக்கா படியில் எனக்குக் காட்டிய இரண்டு சீட்டுகளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“ஓகேன்னு ரெண்டு எழுத்து. மூலையில என்ன எண் சார்?”

“ரெண்டு.”

“நோ ப்ராப்ளம். நடுவுல ஒரு இடைவெளி.”

அவர் விரலால் எண்ணினார். “பத்து. மூலையிலயும் பத்து.”

“குறிப்பு உள்ள வந்ததும் மெஷின் அதை எடை போட்டு மூலையில எழுதி வைக்குது. பிறகு யார் குறிப்பை மாத்தினாலும் அந்த எண் மாறுறதில்லை. இப்ப, முழுசா இவ்வளவுதான்னு இவர் சத்தியம் பண்ற அந்தத் தாளை உங்க பக்கம் திருப்புங்க. கீழ் மூலை.”

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பினார். எண்ணைப் படிக்காமல் மேலாளரின் முகத்தைப் பார்த்தார்.

“அது படிவ எண்,” என்றார் மேலாளர்.

“255,” என்று படித்தார் அதிகாரி.

இத்தனை கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதர், தான் நீட்டும் தாளின் மூலையைப் பார்க்கவில்லை. நூற்று நாற்பத்தைந்து பைட்டைத் துடைத்தவருக்கு மூன்று இலக்கத்தைத் துடைக்கத் தோன்றவில்லை. அந்த எண் இவரைப் போன்றவர்களுக்குச் சம்பந்தமில்லாத, கீழ்மட்டத்து ஆட்கள் பார்க்கும் ஏதோ ஓர் எண். என் கணவரின் எச்சரிக்கையையும் அவர் அப்படித்தான் பார்த்திருப்பார்.

“பழைய நகல் இருக்கு,” என்றாள் மூலையிலிருந்த பெண்.

எல்லோரும் திரும்பினோம்.

“தினமும் ஏழு மணிக்கு எல்லாக் குறிப்பும் தானா ஒரு நகல் எடுத்து வச்சுடும் சார். அவர் அனுப்பினது ஆறு மணிக்கு. அன்னிக்கு எடுத்தது அப்படியே இருக்கு. யாரும் கேக்கலை, அதனால நான் சொல்லலை.” மேலாளரைப் பார்த்துச் சேர்த்தாள்: “நீங்க ‘திருத்து’ன்னு சொன்னது இங்க இருக்கிறதை மட்டும்தான்.”

“உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?” என்று எழுந்தார் மேலாளர்.

“இதையும் எழுதிக்குங்க சார்,” என்றான் ரேடியோ. “இதுக்கு எத்தனை பைட்டுன்னு அப்புறம் எண்ணிக்கலாம்.”

அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

‘மோட்டார் நன்று. கதவு நன்று. விளக்கு நன்று. ஆனால் கயிற்றில் மூன்று இழை அறுந்திருக்கிறது. யாரும்’

யாரும். ஓர் இடைவெளி. பிறகு சாய்ந்த கறுப்புக் கட்டம், நடுவில் கேள்விக்குறி.

ஆறு மணிக்கு இது இந்த மேசைக்கு வந்திருக்கிறது. இந்த மேசையிலிருந்துதான் கிடங்குக்கு ‘எல்லாம் நன்று, காலையில் ஓட்டலாம்’ என்று தகவல் போயிருக்கிறது. கயிறு மாற்ற ஒரு நாள் லிஃப்டை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஒரு முகச்சுளிப்பு.

அதிகாரி தயாராக வைத்திருந்த அறிக்கையைக் குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்தார். அதுவரை எழுந்து நின்றிருந்த மேலாளர் உட்கார்ந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“புது அறிக்கையில இதை அப்படியே சேர்க்கணும்,” என்றார் அதிகாரி. கணினிப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ‘யாரும்’ங்கிறதுக்கு அடுத்து என்ன எழுத்து?”

“தெரியாது சார்,” என்றாள் அந்தப் பெண். “மூணு பைட்டுல ரெண்டுக்குத்தான் இடம் இருந்தது. எந்த எழுத்துன்னு மூணாவது பைட்டுதான் சொல்லும். இந்த ரெண்டும் எல்லா எழுத்துக்கும் பொதுவா வர்றது. தமிழ்னு மட்டும் தெரியுது.”

எனக்குத் தெரியும். அது ‘ஏ’. யாரும் ஏறக் கூடாது. ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர்கள் எழுதியவர் எழுதாததைச் சேர்ப்பதில்லை. பென்சிலைக் கீழே வைத்தேன்.

“யாரும்னு மட்டும் போடுங்க சார். அதுக்கு மேல முறிஞ்சிருக்குன்னு போடுங்க.”

அவர் எழுதினார். எழுதிவிட்டு, மூடியைப் பேனாவில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“ஒண்ணு மட்டும் புரியலைம்மா. யாரும் ஏறக் கூடாதுங்கிற மாதிரிதானே எழுத வந்திருக்கார். கயிறு அறுந்திருக்குன்னு அவருக்கு எல்லாரையும் விட நல்லாத் தெரியும். அப்புறம் ஏன் காலையில அவரே அதுல இறங்கினார்?”

ரேடியோ ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உள்ள ரெண்டு பேர் இருந்தாங்க சார்,” என்றேன். “‘யாரும்’னு எழுதினப்ப அவர் தன்னைச் சேர்த்துக்கலை.”